1925, சுங்கை சிப்புட்: மேகநோய் கிளினிக்கை எங்கே திறப்பது?

அண்ணன் மகள் தாதியர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவர்களுக்கு ஒரு பாடவேலை கொடுத்திருந்தார்கள்: 1920களில் ஒரு சிறு பட்டணத்தில் பால்வினை நோய்களுக்குப் பொது கிளினிக் தொடங்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால் எப்படி நடத்துவீர்கள், ஏன்? பட்டணத்தை அவரவரே தேர்ந்தெடுக்கலாமாம். அவள் நம்ம சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொண்டு, "சித்தப்பா, நீங்க முப்பது வருஷம் ஆஸ்பத்திரி அசிஸ்டண்டா இருந்தவங்க, நீங்களே சொல்லிடுங்க" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வேலையில் சேர்ந்ததே பென்சிலின் வந்து ஒரு தலைமுறை கழித்துத்தானம்மா என்றேன், கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. அவள் தன் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து முடித்துவிட்டாள். நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகாத இடங்கள் சில இருந்தன, எனக்கு ருசித்ததும் அவைதான், அதனால் என் பங்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊர். மலாயாவில் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஒரு கடைத்தெரு, சுற்றிலும் ரப்பர் தோட்டம். தோட்டத்து லயங்களில் தமிழர்கள், கிந்தா பக்கம் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள், ஆற்றோரக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், மலாய்க்காரர்கள். 1921 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் 1,000 ஆண்களுக்கு 406 பெண்கள்தான். அதற்குப் பத்து வருடம் முன்னால் 308. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கூட்டி வந்ததில் நிறையப் பேர் தனியாள். இதற்கு மேல் நோய் எப்படிப் பரவியது என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, எந்த நோய்? இங்கேயே எல்லாரும் வழுக்குகிறார்கள். நம்மாட்கள் வாயில் மேகம், வெட்டை, கிரந்தி, பறங்கிப்புண், சூடு என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நான் வேலை பார்த்த காலத்திலும் ஒருத்தர்கூட நேராகச் சொன்னதில்லை. "சூடு பிடிச்சிருக்கு டிரசர், மூத்திரம் எரியுது" என்பார்கள், கார்டில் காய்ச்சல் என்று எழுதச் சொல்வார்கள். (டிரசர் என்ற வேலைப் பெயர் போய் எத்தனையோ வருடம் ஆகியும் தோட்டத்தில் எங்களுக்கு அதுதான் பெயர்.) கிளினிக் நடத்துகிறவனுக்கு இரண்டைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒன்று சிபிலிஸ், அதாவது மேகப்புண். இன்னொன்று கொனோரியா, அதாவது வெட்டை. மருந்து வேறு, வரவேண்டிய நாட்கணக்கு வேறு, அதனால் இடமும் வேறாக இருக்க வேண்டி வரலாம்.

சிபிலிஸுக்கு அப்போதுதான் நல்ல காலம் பிறந்திருந்தது. கிருமியை 1905இல் ஷாவ்டினும் ஹோஃப்மனும் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள், 1906இல் வாசர்மன் இரத்தச் சோதனை வந்தது, அப்புறம் எர்லிக்கும் அவரிடம் வேலை செய்த ஜப்பானியர் ஹாத்தாவும் சேர்ந்து கண்ட 606 என்ற பாஷாண (ஆர்செனிக்) கலவை 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதைக் கரைத்து, காரம் சேர்த்துப் பக்குவப்படுத்தி, நரம்பில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். 1912இல் வந்த 914, நியோசல்வர்சான், தண்ணீரில் லேசாகக் கரைந்தது. ஒரு நல்ல டிரசருக்கே கைப்பழக்கம் வந்துவிடும். ஒரே கண்டிஷன், குப்பியை உடைத்ததும் போட்டுவிட வேண்டும். காற்றுப் பட்டு வைத்திருந்தால் மருந்தே விஷமாகும், அதிலும் நம்ம ஊர் வெக்கையில். 1921க்குப் பிறகு கூடவே பிஸ்மத் ஊசியும் சேர்ந்தது.

கொனோரியாவுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. 1930களின் பிற்பாதியில் சல்ஃபா மருந்துகள் வரும்வரை பெர்மாங்கனேட் தண்ணீரால் உள்ளே கழுவிக்கொண்டிருப்பதுதான் வழி. தினமும், வாரக்கணக்கில்.

ஆக 914 ஊசி வாரத்துக்கு ஒன்று, பிஸ்மத்தோடு மாற்றி மாற்றி, நடுவில் ஓய்வு விட்டு, ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று ஊசியிலேயே புண் ஆறிவிடுகிறது. வில்லங்கம் அங்கேதான். புண் ஆறினவன் எதற்காக நாலு மைல் நடந்து மறுபடி கையை நீட்டப் போகிறான்? கிருமி உள்ளே பதுங்கி, பத்து இருபது வருடம் கழித்து இருதயத்தின் பெரிய குழாயையோ மூளையையோ பிடிக்கும் என்று நீங்கள் சொன்னால் அவன் தலையாட்டுவான், அவ்வளவுதான். அதனால் நான் எல்லா முறைகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தேன்: பதினைந்தாவது ஊசிக்கு ஆள் வருவானா? மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரர், கட்டடம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

மகள் முதலில் கொண்டுவந்தது சட்டத்தை. பதிவு செய், பரிசோதனை செய், நோய் இருந்தால் பிடித்து வைத்துக் குணப்படுத்து. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இதைச் செய்து பார்த்தும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1864இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று, பட்டாளம் இருக்கும் ஊர்களுக்கு. இந்தியாவில் 1868. நமக்குப் பக்கத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1870. விபசார விடுதிப் பெண்களைப் பதிவு செய்து, கூப்பிட்டுப் பரிசோதித்து, நோய் என்றால் அதற்கென்றிருந்த ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். ஆண்களை யாரும் கூப்பிடவில்லை. நோயைக் கொண்டுவந்து கொடுத்தவன் வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருக்க, வாங்கினவள் உள்ளே. போதாக்குறைக்கு, 1905க்கு முன்னால் சிபிலிஸ் கிருமியைப் பார்க்கவே வழியில்லை, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நோய் இல்லை என்று சொன்னார்கள். ஜோசஃபின் பட்லர் என்ற அம்மாள் இங்கிலாந்தில் வருடக்கணக்காகப் போராடி, 1886இல் அங்கே அந்தச் சட்டத்தை எடுத்தார்கள், 1888இல் இங்கேயும் இந்தியாவிலும் எடுத்தார்கள்.

"ஆனா சித்தப்பா, டென்மார்க் 1906இல பதிவு முறையைத் தூக்கிட்டு, ஆண் பெண் எல்லாருக்கும் இலவச வைத்தியம், ஆனா கட்டாயம்னு வெச்சாங்களே" என்றாள். நல்ல கேள்வி. கட்டாயத்தோடு இலவசமும் சேர்ந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல இருந்தால் அது வேறு சங்கதிதான். ஆனால் 1925 பேராக்கில் அந்தக் கட்டாயத்தை யார் அமல்படுத்துவது? போலீஸ். போலீஸ் லயத்துக்குள் வந்து ஒருத்தனைக் கூப்பிட்டுப் போனால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் பத்துப் பேர் தோட்டம் மாறியிருப்பார்கள். அந்தக் காலத்தில் தோட்டம் விட்டுத் தோட்டம் ஓடுவது பெரிய காரியமும் இல்லை. சட்டத்தை நான் தள்ளிவிட்டேன், அவள் அரை மனதோடு தள்ளினாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி அடுத்தது. இதை நான் லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே இருக்கிறது. 1912, 1923 தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிகள் தலையில் வைத்திய வசதியைக் கட்டியிருந்தன. பெரிய தோட்டத்துக்குச் சொந்த ஆஸ்பத்திரி, சின்னத் தோட்டங்கள் சேர்ந்து ஒரு பொது ஆஸ்பத்திரி. டிரசர் இருக்கிறார், தமிழ் பேசுகிறார், லயத்திலிருந்து கூப்பிடு தூரம். அரசாங்கம் மருந்தை மட்டும் அனுப்பினால் போதும். செலவென்று பார்த்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை.

ஆனால் டிரசருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? துரை. ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டுவது யார்? அதே துரை, இல்லாவிட்டால் கணக்குப் பார்க்கும் கிராணி. செவ்வாய்க்கிழமை காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஒருத்தன் இல்லை, கங்காணி கேட்கிறார், "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்" என்கிறார்கள், எதற்கு என்று கேட்டு மதியத்துக்குள் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் அதுதான் பேச்சு. லயம் என்பது ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போடும் இடம், அங்கே இரகசியம் என்று எதை வைப்பது? கல்யாணமாகாத தங்கச்சி இருக்கிறவன் அந்த ஆஸ்பத்திரிப் படியில் கால் வைக்கவே மாட்டான். நான் பார்த்த வரைக்கும், நம்மாள் துரையைவிடப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் அதிகம் பயப்படுவான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு இடத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி ஜெயிக்கிறது: வெட்டை. தினமும் கழுவ வேண்டிய நோய்க்கு நாலு மைல் தூரத்துப் பட்டணக் கிளினிக் எதற்கும் உதவாது. 1920களின் கடைசியில் ஆண்களுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்று வைத்தார்கள். மூன்று வாரம் தினமும் பட்டணம் போய்வந்தால் அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? கையில் கொஞ்சம் பெர்மாங்கனேட் கொடுத்து நீயே கழுவிக்கொள் என்று அனுப்பலாமா என்றாள் மகள். அனுப்பலாம், ஆனால் அவசரத்தில் அழுத்திப் பீய்ச்சினால் நோயை உள்ளே இன்னும் தள்ளிவிடுவான், தவிர அந்த மருந்து பட்ட துணியில் பழுப்புக் கறை போகவே போகாது, வேட்டியே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். ஆக வெட்டைக்குத் தோட்டத்து டிரசர்தான், புத்தகத்தில் 'மூத்திரக் கடுப்பு' என்று எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டோடு. சுகாதார இலாகாவுக்குக் கணக்குத் தப்பும்தான். தப்பட்டும்.

நாட்டு வைத்தியரை ஒப்பீட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. அவளுக்கு அது போலி வைத்தியம். இங்கிலாந்தில் 1917இல் சட்டமே போட்டு, தகுதி இல்லாதவர்கள் இந்த நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பதையும் மருந்து விளம்பரம் செய்வதையும் தடுத்தார்களே என்றாள். உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வருடமே இலவசக் கிளினிக்குகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தடுத்தார்கள். மாற்று எதுவும் கொடுக்காமல் தடை மட்டும் போட்டிருந்தால் ஆட்கள் எங்கே போவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சித்த வைத்தியத்தில் மேகத்துக்கு இரசம், பூரம், இலிங்கம் எல்லாம் கொடுத்தார்கள், எல்லாமே பாதரசச் சரக்கு. சீமை டாக்டர்கள் நானூறு வருடம் கொடுத்ததும் பாதரசம்தான், பெயர்தான் வேறு. பரங்கிப்பட்டைச் சூரணத்தை நம் வைத்தியர்கள் கொடுத்த மாதிரியே ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அந்தக் கிழங்கைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1910க்கு முன்னால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மருந்துப் பெட்டிதான் என்பது என் கட்சி. 914 வந்த பிறகுதான் இடைவெளி விழுந்தது. பாதரசத்தில் எச்சில் ஒழுகும், ஈறு வீங்கும், பல் ஆடும். உடம்பில் தேய்க்கிற களிம்பென்றால் துணியெல்லாம் சாம்பல் கறை. பிஸ்மத்தும் ஈறில் கறுப்புக் கோடு போடும், ஆனால் வாயைப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். வெளியே காட்டிக் கொடுக்காத மருந்து என்ற கணக்கில் 914க்குத்தான் என் முதல் மார்க்கு.

ஆனால் வைத்தியர் இராத்திரியில் வீட்டுக்கு வருவார். பெயர் எழுத மாட்டார். காசைச் சம்பளத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்வார். பத்தியம் சொல்லி, அது இத்தனை நாள் என்று கணக்கும் சொல்வதால் ஆள் கடைசிவரை இருப்பான். மருந்து மோசம், நடத்தை நல்லது. அரசாங்கக் கிளினிக்கில் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். என் அனுபவத்தையே சொல்கிறேன், நான் புதிதாக வேலைக்குப் போன ஒரு சின்ன கிளினிக்கில் இந்த நோய்க்காரர்களைக் கடைசி வரிசையில், மற்றவர்கள் எல்லாம் பார்க்கும்படி தனி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். மூன்று மாதத்தில் அந்தப் பெஞ்ச் காலி. நோய் போய்விட்டது என்று மேலே அறிக்கை போனது.

அப்புறம் அந்த ஆங்கிலேய முறை, மகளுக்கு ரொம்பப் பிடித்தது. 1913இலிருந்து 1916 வரை ஒரு அரச கமிஷன் உட்கார்ந்து யோசித்து, 1916இல் விதிகள் வந்தன. நோயாளிக்கு இலவசம். இரகசியம். எந்த ஊர்க்காரன் எந்த ஊர்க் கிளினிக்குக்குப் போனாலும் பார்க்க வேண்டும். செலவில் 75 சதவீதம் மத்திய அரசாங்கம், 25 சதவீதம் உள்ளூர் மன்றம். தனியாகக் கட்டடம் கட்டாமல் பொது ஆஸ்பத்திரியோடு சேர்த்து வைத்தார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வர மாலையிலும் திறந்தார்கள். காகிதத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

கஷ்டம் என்னவென்றால் லண்டனில் கிழக்கே இருக்கிறவன் மேற்கே போய் ஊசி போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் அவன் யாரென்று தெரியாது. சுங்கை சிப்புட்டில் ஒரே கடைத்தெரு. முடிதிருத்துகிற கடை, செட்டியார் கடை, மளிகைக் கடை, சீனன் காப்பிக் கடை என்று ஒவ்வொரு வாசலிலும் தெரிந்த முகம். அங்கே 'மேகநோய் கிளினிக், மாலை 6 மணி முதல்' என்று ஒரு கதவைத் திறந்தால், ஆறு மணிக்கு அந்தப் பக்கம் திரும்பியவன் கதை முடிந்தது. ஈப்போவுக்குப் போகலாமே என்றால் அது 30 கிலோமீட்டர். ரயில் கூலியும் ஒரு நாள் பெரட்டும் போகும், அதுவும் வாராவாரம். ஒருத்தன் மூன்று தடவை போவான்.

சோதனைக்கூடமும் ஒரு தகராறு. வாசர்மன் சோதனைக்கு ஆட்டு இரத்தம் வேண்டும், கினிப்பன்றியின் இரத்தநீர் வேண்டும், பழகின கை வேண்டும். இங்கே நடக்காது. இரத்தத்தை எடுத்து ரயிலில் தெற்கே அனுப்பலாம், கோலாலம்பூரில் 1900இலிருந்தே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. ஆனால் பதில் வரும்வரை ஆள் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் புரு.

புரு பற்றித் தெரியாதவர்களுக்கு: கம்பத்துப் பிள்ளைகளுக்குக் கை காலெல்லாம் பழுத்த ராஸ்பெரிப் பழம் மாதிரி புடைத்துக்கொண்டு வரும் புண். தோலோடு தோல் பட்டுப் பரவுவது, பால்வினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலாய்க்காரர் அதைப் புரு என்பார்கள். இலங்கையில் அதற்குப் பறங்கி என்று பெயர். நம்மூரில் பறங்கிப்புண் என்றால் சிபிலிஸ். பெயர்க் குழப்பம் சும்மா வரவில்லை, கிருமிகள் இரண்டும் உடன்பிறப்பு. கஸ்டெலானி என்ற இத்தாலியர் புருவின் கிருமியைக் கொழும்பில் கண்டதும் அதே 1905இல்தான். சின்ன வயதில் புரு வந்தவனுக்கும் வாசர்மன் சோதனை சிபிலிஸ் என்றே காட்டும். ஆக சோதனைக்கூடம் கட்டினாலும் நம் வட்டாரத்தில் அதன் வார்த்தையைப் பாதிதான் நம்பலாம்.

ஆனால் இந்தத் தொல்லைக்குள்தான் எனக்கு வழி கிடைத்தது. புருவுக்கும் அதே மருந்துதான், 914. ஒன்றிரண்டு ஊசியில் புண் உதிர்ந்துவிடும். 1920களில் மலாயாக் கம்பங்களில் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாதவர்கள்கூட இந்த ஊசிக்குக் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அரசாங்க வைத்தியத்துக்கு அவ்வளவு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த ஊசி வேறு எதுவும் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாத்தா பாட்டி வரை வருவார்கள், அதில் ஒளிவு மறைவு இல்லை, வெட்கமும் இல்லை.

அப்போ நான் செய்வது இதுதான். மேகநோய் கிளினிக் என்று ஒன்றை நான் திறக்கவே மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அரசாங்க மருந்தகத்தின் பின்கட்டில் ஊசி நாள். புருக்காரர்களும் வரலாம், கால் புண்காரர்களும் வரலாம், மற்றவர்களும் வரலாம். அன்றைக்குத் தோட்டத்து ஜனமே சாமான் வாங்கப் பட்டணத்துக்கு வருகிறது, கம்பத்து ஜனம் சந்தைக்கு வருகிறது, பெரட்டு போகவில்லை, யாரும் எங்கே போனாய் என்று கேட்கப்போவதில்லை. வரிசையில் நிற்கிற ஐம்பது பேரில் எவனுக்கு எதற்கு ஊசி என்று டிரசரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரே மருந்து, ஒரே மாதிரிக் குப்பி.

இதற்கு மகள் மூன்று அடி கொடுத்தாள், மூன்றும் வலித்தன.

முதலாவது காசு. புருவுக்கு இரண்டு ஊசி, சிபிலிஸுக்கு இருபது முப்பது. புருக்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டால் மருந்து பறந்துவிடும். சரி, ஆனால் புருவுக்கு எப்படியும் அரசாங்கம் செலவழிக்கத்தான் போகிறது, நான் அந்தக் கூட்டத்தின் நிழலை மட்டும்தான் கடன் வாங்குகிறேன்.

இரண்டாவது, அவன் ஏன் பதினைந்தாவது தடவை வருகிறான் என்று மூன்றாவது மாதத்தில் பக்கத்தில் நிற்கிறவன் யோசிக்க மாட்டானா, புருக்காரன்தான் இரண்டு ஊசியோடு நின்றுவிடுவானே என்றாள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கால் புண், சத்து ஊசி, மலேரியா என்று இன்னும் நாலு காரணங்களை அதே வாசலில் சேர்ப்பேன் என்றேன். சமாளிப்புதான்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் காலத்து ஊசிக் கிளினிக்குகளில் பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாஷாணம்தான் ஈரலைக் கெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1940களில்தான் ஒரே சிரிஞ்சு ஆள் மாற்றி ஆள் போவதால் இரத்தத்தின் வழியாகப் பரவும் காமாலை அது என்று தெளிவானது. கூட்டத்தில் ஆளை ஒளித்துவைக்கும் என் திட்டம், காமாலைக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கும் திட்டமும்தான், அதுவும் பச்சைப் பிள்ளைகளோடு. 1925இல் நின்று யோசித்தால் இது தெரிந்திருக்காது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் என் பட்ஜெட்டில் நுண்ணோக்கியை அடித்துவிட்டு அந்தக் காசுக்குச் சிரிஞ்சும் ஊசியும் வாங்குவேன். ஆளுக்கு ஒன்று, போட்டதும் தனிச் சட்டியில், கொதிக்கவைத்த பிறகுதான் மறுபடி வெளியே வரும். ஒரு மதியத்துக்கு முப்பது சிரிஞ்சு இருந்தால் முப்பது பேர்தான், முப்பத்தோராவது ஆள் அடுத்த வாரம். புருப் பிள்ளைகளுக்கு முதல் மணி நேரம்.

பெயர் எழுதுவதா இல்லையா என்பதில் அவள் சொன்னதைத்தான் கடைசியில் ஏற்றுக்கொண்டேன். எனக்கு வெறும் எண் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குச் சீட்டு எதற்கு, எண் அடித்த தகர வில்லை ஒன்று, அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். அவளுக்கு, நின்றுபோனவனை எப்படித் தேடுவது என்ற கவலை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1915இல் ஒரு நடுவழி வைத்தார்கள்: டாக்டர் எண்ணை மட்டும்தான் மேலே தெரிவிப்பார், சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் பெயர் போகும். அதில் 'மேலே' என்கிற இடத்தை மட்டும் நான் மாற்றினேன். பெயர் டிரசரின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், நின்றுபோனால் டிரசரே ஆள் அனுப்பட்டும், தோட்டத்துக்கோ போலீசுக்கோ ஒரு எழுத்தும் போகக்கூடாது. முன்பணமாக ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு, வாங்கி வைத்துக் கடைசி ஊசியில் திருப்பிக் கொடுக்கலாமே என்றும் கேட்டாள். இரண்டு நாள் கூலியம்மா அது, வாசலிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

பெண்கள் விஷயத்தில் என் ஞாயிற்றுக்கிழமை திட்டம் பாதிதான் தேறும். பிள்ளையைத் தூக்கிவரும் தாய் அந்த வரிசையில் நிற்கலாம், சரி. ஆனால் ஆண் டிரசரிடம் எந்தப் பெண் எதைச் சொல்வாள், எதைக் காட்டுவாள்? புருஷனுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பவளை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் அவன் மறுபடி முதல் ஊசிக்கு வந்து நிற்பான். கர்ப்பத்தில் நேரத்தோடு மருந்து போட்டால் பிள்ளைக்கு நோய் போகாமல் தடுக்கலாம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதனால் பெண்களுக்கு இது தாய்சேய் பார்க்கிற இடத்தோடுதான் ஒட்ட வேண்டும், செவ்வாயோ புதனோ, ஒரு தாதி கையில்; பிள்ளை நழுவி நழுவிப் போகிறவளை மெதுவாகக் கேட்டு, அங்கேயே ஊசி. இதில் அவளுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை பேதமில்லை. அந்தத் தாதிக்குத் தமிழ், மலாய், சீனம் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அப்படி ஒருத்தி கிடைத்தால் ஈப்போக்காரர்கள் விட்டுவைப்பார்களா என்று இருவரும் சிரித்தோம்.

இவையெல்லாம் நடக்காவிட்டாலும், கையில் கிளினிக்குக்கு ஒரு காசுகூட இல்லாவிட்டாலும், ஒன்று மட்டும் செய்துவிடலாம். பிரசவம் பார்க்கிற ஒவ்வொரு மருத்துவச்சிக்கும் வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்து ஒரு புட்டி. தாய்க்கு வெட்டை இருந்தால் பிறக்கும்போதே பிள்ளையின் கண்ணில் ஏறிக் குருடாக்கிவிடும். பிறந்ததும் கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டால் தப்பும் என்று கிரெடே என்ற ஜெர்மன் டாக்டர் 1881இலேயே காட்டிவிட்டார். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் விடலாம். ஒப்பீட்டுக்குள் இதைக் கொண்டுவராதே, இது இருக்கவே இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

நடுவில் ஒரு கிறுக்கு விஷயமும் கண்ணில் பட்டது. சிபிலிஸ் மூளைக்கு ஏறிப் புத்தி கெட்டவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை ஏற்றிக் குணப்படுத்த முயன்று, வாக்னர் யாவ்ரெக் என்பவர் 1927இல் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார். நம் தோட்டங்களில் அதே மலேரியா கூட்டங்கூட்டமாக ஆளைக் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. மகள் இதைத் தன் கட்டுரையில் சேர்க்கவில்லை, சேர்த்திருக்கலாம்.

கடைசியாகப் பலகை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் என்ன எழுதித் தொங்கவிடுவது என்று அரை மணி நேரம் பேசினோம். அவள் 'சுகாதார கிளினிக்' என்றாள், நான் 'புரு ஊசி' என்றேன், அது மற்றவர்களை விரட்டிவிடும் என்றாள். தமிழிலும் மலாய்க்காரர்களுக்கு ஜாவி எழுத்திலும் சீனத்திலும் 'ஊசி, ஞாயிறு 2 மணி' என்று மட்டும் எழுதுவதாக முடிந்தது.